ராயல் தேசியப் பூங்காவில் பார்த்த போரோனியா: எந்த இனம்? உதவுங்கள்

வணக்கம். சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவின் மணற்பாறை மேட்டில், ஆகஸ்ட் கடைசியில் பூத்திருந்த புதர் இது. உயரம் ஒரு மீட்டர். படங்கள் கீழே: பூ, இலையின் அடிப்பக்கம், முழுச்செடி.

போரோனியா என்ற ஆஸ்திரேலியப் பூப்புதர்ப் பேரினம் என்பதில் சந்தேகமில்லை. நாலு இதழ், எட்டு மகரந்தத் தாள். அதே இளஞ்சிவப்பில் ஐந்து இதழும் பத்துத் தாளும் இருந்திருந்தால் எரியோஸ்டீமன் என்ற வேறு பேரினம். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இலையை லேசாகத் தேய்த்தாலே வாசம் தூக்குகிறது, கறிவேப்பிலைக் குடும்பமல்லவா!

போரோனியா இனங்களில் இது லெடிஃபோலியாவாக இருக்காது. அதன் இலையின் அடிப்பக்கம் வெளுத்த ரோமமாக, ஓரம் கீழே சுருண்டிருக்கும். இது வழவழப்பு, ஒரு கூட்டிலைக்கு ஏழு சிற்றிலை, கொத்துக்கு ஐந்தாறு பூ.

மிஞ்சுவது பின்னேட்டாவும் ஃப்ளோரிபண்டாவும். ஃப்ளோரிபண்டாவின் சூல்முடி (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் நுனி) உருண்டு பருத்து, குட்டைத் தாள்களை மறைத்துவிடும். பின்னேட்டாவில் அது சின்னது. முதல் படத்தில் நடுவே பச்சையாக ஒரு உருண்டை தெரிகிறது. அது சூல்முடிதானா, இல்லை பூ முழுக்க விரியாததால் தாள்கள் உள்ளே குவிந்து அப்படிக் காட்டுகிறதா? இதுதான் கேள்வி. பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பூங்காவுக்குள் அனுமதியின்றிச் செடி பறிக்கக் கூடாது என்பதால் மாதிரி கிடையாது. அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் நன்றாக விரிந்த பூவை நேர் மேலிருந்தும் பக்கவாட்டிலும் கிட்டப்படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி.