1969 பெல்ஜியம் ஆட்டோ-5, வாங்கலாமா வேண்டாமா?

ஏரிக்கரைவாசி:
வணக்கம் நண்பர்களே, மின்னசோட்டால இருக்கேன், கிரீன் கார்டு. போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோட ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி பறவை) வேட்டைக்கு இரவல் பம்ப் கன்னை (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து லோடு பண்றது) வச்சு ஓட்டிட்டேன், இந்த சீசனுக்கு சொந்தமா ஒண்ணு வேணும். பக்கத்து ஊர் கடையில பெல்ஜியத்துல செஞ்ச ஒரு ப்ரௌனிங் ஆட்டோ-5 லைட் ட்வெல்வ் ஷாட்கன் இருக்கு, நம்பர் 69ஜி-ன்னு ஆரம்பிக்குது, அதாவது 1969 மாடல், 600 டாலர் சொல்றாங்க. தோள்ல வச்சுப் பார்த்தேன், அந்த முதுகு தூக்கின ரிசீவர் (கன்னோட நடு இரும்புக் கூடு) மேல கண்ணு தானா நேரா போய் நிக்குது, கீழ வைக்கவே மனசு வரல. ஆனா 50 வருஷத்துக்கு மேல ஆன செமி ஆட்டோவாச்சேன்னு (தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கிறது) பயமாவும் இருக்கு. அதே கடையில ஒரு ரெமிங்டன் 1100-ம் இருக்கு, 450. வாத்துக்கும் இதே கன்தான். எதைப் பார்த்து முடிவு பண்றது?

பழையஇரும்பு:
வயசைப் பார்த்து பயப்படாதீங்க, ஆட்டோ-5 1902-ல இருந்து 1998 வரை செஞ்ச கன். 69-ங்கிறதுதான் யோசிக்க வைக்குது. அறுபதுகளோட கடைசியில வால்நட் கட்டையை சீக்கிரம் காய வைக்க உப்புப் போட்டாங்க, அந்தக் கட்டை ஈரத்தை இழுத்து, தொட்டிருக்கிற இரும்பை உள்ளுக்குள்ளயே அரிக்கும், வெளிய பார்த்தா பளபளன்னுதான் இருக்கும். எல்லா கன்லயும் இருக்காது, ஆனா பார்க்காம வாங்காதீங்க. கடைக்காரர்கிட்ட கேட்டு பட் ப்ளேட்டோட (தோள்ல படுற பின்பக்கத் தகடு) ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டிப் பாருங்க, மரையில துரு உதிர்ந்தா வச்சிட்டு வந்துடுங்க. கழட்ட விடமாட்டேன்னாலும் அப்படித்தான்.

அப்புறம் ஃபோர் எண்டை (பேரலுக்குக் கீழ கை பிடிக்கிற முன்கட்டை) கழட்டி விரிசல் பாருங்க, உள்ள ரிங் எந்த வரிசையில இருக்குன்னும் பாருங்க. இது லாங் ரீகாயில், சுடும்போது பேரலே பின்னாடி வரும். ஹெவி ஷெல் (பலமான தோட்டா) சுடணும்னா, மேல வெண்கல ஃப்ரிக்ஷன் பீஸ் (உரசி வேகத்தைக் குறைக்கிறது), அதுக்குக் கீழ ஸ்டீல் ரிங், அப்புறம் ஸ்ப்ரிங். லைட் ஷெல்லுக்கு ஸ்டீல் ரிங் ஸ்ப்ரிங்குக்கு அடியில போயிடும். லைட் செட்டிங்ல ஹெவி ஷெல் சுட்டுட்டே இருந்தா ரிசீவர் அடி வாங்கும், முதல்ல ஃபோர் எண்டுதான் பிளக்கும். நான் தெரியாம ஒரு சீசன் அப்படி சுட்டு ஃபோர் எண்டை உடைச்சவன், அதான் இவ்வளவு சொல்றேன்.

வாத்துக்காலம்:
வாத்துன்னு சொன்னீங்களே, அங்கதான் சிக்கல். 1991-ல இருந்து நாடு முழுக்க வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது, பெல்ஜியம் பேரல்ல ஸ்டீல் ஷாட் (இரும்புக் குண்டு) போடாதீங்கன்னு ப்ரௌனிங்கே சொல்லுது. பிஸ்மத் உலோகக் குண்டு சுடலாம், விலை கடிக்கும். இல்லன்னா ஜப்பான்ல செஞ்ச இன்வெக்டர் பேரல் (சோக் மாத்திப் போடுற வகை, சோக்னா பேரல் வாயோட இறுக்கம்) தனியா வாங்கிப் போடுங்க. உங்க ஊர்ல ஃபெடரல் வாட்டர்ஃபவுல் ப்ரொடக்ஷன் ஏரியால (நீர்ப்பறவைகளுக்கான அரசு நிலம்) ஃபெசன்டுக்கும் ஈயம் கூடாது, மறந்துடாதீங்க.

1100-ம் நல்ல கன்தாங்க. 1963-ல வந்தது, சுடும்போது வர்ற கேஸ்ல ஓடுறதால தோளுக்கு சுகம். சுட்டா ஷெல் சரியா வெளிய வரலன்னா முதல்ல அந்த ரப்பர் ஓ-ரிங்கைப் பாருங்க, சில டாலர்தான்.

பழையஇரும்பு:
இன்னொண்ணு, கிரீன் கார்டு இருந்தா 4473 ஃபார்ம்ல (கடையில கன் வாங்கும்போது நிரப்புறது) பிரச்சனை இல்ல. ஹெச்-1பி-ல இருக்கிறவங்க இதைப் படிச்சா, ஹன்டிங் லைசென்ஸ் கையில இல்லாம கன்னைத் தொடாதீங்க, ஃபெடரல் சட்டம்.

ஏரிக்கரைவாசி:
ரொம்ப நன்றிங்க. சனிக்கிழமை போனேன், கடைக்காரரே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் குடுத்தார். ரெண்டு ஸ்க்ரூவும் மரை வரைக்கும் சுத்தம், ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சேன், கட்டை காஞ்ச தேன் நிறத்துல இருந்துச்சு. ஃபோர் எண்ட்ல விரிசல் இல்ல. ரிங் மட்டும் லைட் செட்டிங்ல இருந்துச்சு, அங்கயே மாத்திப் போட்டுக் காட்டினார். பேரல்ல ரெண்டு நட்சத்திரம், அதாவது மாடிஃபைட் சோக். 560-க்கு முடிச்சிட்டேன். வாத்துக்கு இப்ப ஜப்பான் பேரல் தேடுறேன், 12 கேஜ், 2 3/4 சேம்பர், 26 இன்ச், யார் கண்ணுலயாவது பட்டா சொல்லுங்க.