புதுப்பிப்பு: கேமராவை ஹெல்மெட்டில் மாட்டுவதா, நெஞ்சிலா?

சைக்கிள் பயணங்களைப் படம்பிடிக்க ஆக்‌ஷன் கேமராவை எங்கே மாட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஹெல்மெட் என்றீர்கள், மீதிப் பேர் நெஞ்சுப்பட்டை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

நெஞ்சுதான். ஹெல்மெட்டில் வைத்தால் தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்புகிறது. பஸ் வருகிறதா என்று பின்னால் எட்டிப் பார்த்தால் வீடியோ பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கேமராவின் ஸ்டெபிலைசேஷன் வசதி குலுக்கலைத்தான் சரிசெய்யும், கழுத்தை அல்ல! நெஞ்சில் மாட்டினால் கைகளும் ஹேண்டில்பாரும் படத்துக்குள் வந்துவிடும். வேகம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ரோடு பைக்கில் (ரேஸ் வகை சைக்கிள்) குனிந்தே ஓட்டுவதால் கேமரா முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் தலைகீழாக மாட்டி, லென்ஸை நன்றாக மேலே தூக்கிவிடுங்கள். படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும்.

விடியற்காலையில் கிளம்புபவர்களுக்கு இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி; விளக்குகளும் அந்தத் தாளத்தில்தான் மினுங்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் வைத்தால் தெருவிளக்குகள் துடிப்பதுபோலப் பதிவாகலாம். 25 அல்லது 50 வைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

மெமரி கார்டு பற்றிக் கேட்டவருக்கு: வீடியோ விநாடிக்கு 60 மெகாபிட் அளவில் பதிவாகிறது என்றால் மணிக்கு 27 ஜிபி. 64 ஜிபி கார்டு இரண்டு மணி நேரம் தாங்கும், சற்றுக் கூடவே. அப்புறம், நான் இறங்கும்போது மட்டும்தான் பதிவு செய்கிறேன். ஏறும்போது எடுத்ததில் என் மூச்சிரைப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.