தத்துக் கொடுத்த நாயைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள், என்ன செய்யலாம்?

ஒட்டுப்பால் (திருவட்டார்)

மீட்புக் குழுவிடம் நாய் எடுத்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். நாயை எப்படி வளர்க்க வேண்டும் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

எங்கள் வீடு திருவட்டாரில் இருந்து குலசேகரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே. ஓட்டு வீடு, சுற்றிலும் ரப்பர். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வீட்டுக்காரர் ரப்பரைப் பார்த்துக்கொள்கிறார். கூட மாமியார். எங்களிடம் இருந்த நாய் போன வருஷம் அணலிப் பாம்பு கடித்துச் செத்தது. முற்றத்தில் நாய் கிடக்காவிட்டால் மாமியாருக்கு ராத்திரி உறக்கம் வராது. வீட்டுக்காரர் லேப்ரடார் குட்டி விலைக்கு வாங்கலாம் என்றார். நான்தான், அடிபட்ட நாய்களை எடுத்துக் குணமாக்கி வீடு தேடுகிறார்களே, அதில் ஒன்று வரட்டும் என்றேன்.

நாகர்கோவில் பக்கம் ஒரு குழு. பேர் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

முதலில் போனில் ஒரு ஃபாரம் அனுப்பினார்கள். எத்தனையாவது மாடி, பால்கனிக்கு வலை உண்டா, வீட்டு ஓனர் சம்மதக் கடிதம் தருவாரா என்றெல்லாம் கேள்வி. பால்கனி கட்டத்தை நிரப்பாமல் ஃபாரம் நகரமாட்டேன் என்றது. ‘ஓட்டு வீடு’ என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் ஒரு பிள்ளை கூப்பிட்டு, “ஓட்டில் ஏறிக் குதிக்க வாய்ப்பு இருக்கா ஆன்ட்டி?” என்று கேட்டது. சிரிக்காமல் பதில் சொன்னேன். அப்புறம் மாமியாரை வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள். அதுவும் ஆச்சு. நேரில் வந்து பார்த்துவிட்டு, வேலி போதாது என்றார்கள். முற்றத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்தோம். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. கண்ட ஆளுக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது, சரி.

வந்தவள் செம்மண் நிறம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பின்னங்கால் ஒடிந்து கிடந்தவளாம். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருந்தது. கால் கூடிவிட்டது, ஆனால் உட்காரும்போது அந்தக் காலை மட்டும் வெளியே நீட்டி வைத்துக்கொள்வாள். அவர்கள் வைத்த பேர் பெல்லா. மாமியார் வாயில் அது பெல்லம்மா ஆனது, அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆள் வருவது வெளுப்பாங்காலத்தில், நாலு மணி வாக்கில், தலையில் லைட் கட்டிக்கொண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில்தான் வெட்ட வேண்டும். பெல்லம்மாவுக்கு அந்த லைட்டைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் வெட்டுக்காரரின் கைலியைப் பிடித்துவிட்டாள். இன்றைக்கு வெட்டுக்கு ஆள் கிடைக்கிற பாடு ரப்பர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இவர் நின்றுவிட்டால் மரம் சும்மா நிற்கும். இன்னொன்று, சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சவைக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. ஒரு தரம் பாதி விழுங்கியதை வாயில் கைவிட்டு இழுத்தேன், முழ நீளம் வந்தது. அதற்கு மேல், டிஷ்ஷில் பால் ஊற்றி ஷீட்டுக்கு உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் வேறு அங்கேயே இருக்கிறது.

அதனால் வெட்டு உள்ள நாளில் மட்டும், ஆள் வருவதற்கு முன்னே பின்திண்ணையில் கட்டுவோம். பால் எடுத்து, ஆசிட் ஊற்றி, எல்லாம் ஒதுக்கியதும் ஒன்பதரைக்குள் அவிழ்த்துவிடுவோம். நீளக் கயிறு, பக்கத்தில் குடிக்க வெள்ளம், படுக்கச் சாக்கு. மீதி நேரமெல்லாம் அவள் இஷ்டம்.

நாத்தனார் மகள் லீவுக்கு வந்தவள், திண்ணையில் கட்டிக் கிடந்த நாயைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். அது யார் யார் போனுக்குப் போச்சோ, சாயங்காலமே குழுவில் இருந்து அழைப்பு. “கட்டிப் போடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டீங்களே?” நான் மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டில் மாமியார் மட்டும் இருக்கும்போது வந்திருக்கிறார்கள். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாயைக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் வந்து போன் செய்தால் எடுக்கவில்லை. ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது: உங்கள் தத்தெடுப்பு ரத்து செய்யப்படுகிறது.

அதோடு விட்டார்களா? அவள் படத்தைப் போட்டு, சங்கிலியில் இருந்து மீட்கப்பட்டாள், வீடு தேடுகிறாள் என்று எழுதி, எங்கள் ஊர்ப் பேரையும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்த வசவுகளை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தம் சோதித்து, டாக்ஸிசைக்ளின் கொடுத்துக்கொண்டு இருந்தோம். மாத்திரை இன்னும் பாதி அட்டை என் அலமாரியில் கிடக்கிறது. அதைச் சொல்லக் கூப்பிட்டால் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

இப்படி வந்து தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை உண்டா? போலீஸுக்குப் போனால் எடுபடுமா?

குளச்சல்காரன்

அக்கா, பாட்டியம்மையை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினது சரியான களவாணித்தனம். போன நாய் போகட்டும். இங்க துறையில வந்து பாருங்க, வள்ளத்துக்கு அடியில எத்தனை குட்டி கிடக்குன்னு. சாளையும் நெத்திலியும் தின்னு வளருது. ஃபாரம் ஒண்ணும் கிடையாது.

மஞ்சள்_ஸ்கூட்டர் (நாகர்கோவில்)

அக்கா, நானும் நாய் மீட்கிற வேலையில் இருப்பவள்தான், நீங்கள் சொல்கிற குழு இல்லை. உங்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

சங்கிலி கூடாது என்ற விதி வீம்புக்கு வைத்ததில்லை. கழுத்துப் பட்டை சதைக்குள் இறங்கி, புழு வைத்த நாய்களை இந்த மாவட்டத்தின் தோட்டங்களில் இருந்தே தூக்கி வந்திருக்கிறோம். கொடுக்கிற அன்று எல்லாரும் “வீட்டுப் பிள்ளை மாதிரி பார்ப்போம்” என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் பழைய இடத்திலேயே இறக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதனால் கட்டியிருக்கிற படம் ஒன்று வந்தாலே எங்களுக்கு அடிவயிறு கலங்கும். அப்புறம், நாலில் இருந்து ஒன்பதரை என்றால் ஐந்தரை மணி நேரம். அது கொஞ்ச நேரம் இல்லை.

ஆனால் வயசானவரிடம் டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனதும், ஊர்ப் பேரைப் போட்டதும் அநியாயம். விதியை மீறினால் முதலில் பேசணும், மாற்று வழி சொல்லணும், அவகாசம் தரணும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முதல் வேலை மாத்திரை. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரலாம், பிளேட்லெட் இறங்கும். டாக்டர் சீட்டையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் படம் எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு, இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன்.

ஒட்டுப்பால் (திருவட்டார்)

சீட்டு அனுப்பிவிட்டேன், பார்த்துச் சொல்லு மோளே.

அந்த ஐந்தரை மணி நேரக் கணக்குக்கு மட்டும் ஒரு பதில். வெட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்கிற காலத்தில் மரத்தைத் தொடவே மாட்டோம். வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நகரத்தில் பிளாட்டைப் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறவர்களின் நாய்தான் அதிக நேரம் அடைந்து கிடக்கும். அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், பால்கனிக்கு வலை மட்டும் கேட்கிறீர்கள்.

வக்காலத்து (தக்கலை)

கேட்ட கேள்விக்கு வருவோம்.

1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. நியாயமில்லாத அளவு நீண்ட நேரம், நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். கட்டுவதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது உண்மையானால், நீளக் கயிறு, பக்கத்தில் தண்ணீர், மீதி நேரம் அவிழ்த்துவிடுவது என்பது இந்தப் பிரிவுக்குள் வராது என்பது என் கருத்து. இன்னொரு வேடிக்கை, முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதே தொகைதான்.

சிக்கல் சட்டத்தில் இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாய் சட்டத்தின் கண்ணில் சொத்துதான். நிபந்தனை மீறினால் திரும்ப எடுத்துக்கொள்வோம், உரிமை எங்களிடமே இருக்கும் என்று பெரும்பாலான குழுக்கள் எழுதி வாங்கிவிடுவார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் ஸ்டேஷனில், இது சிவில் விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வரி இல்லாவிட்டால் ஒரு வக்கீல் நோட்டீஸ் விடலாம். மாமியாரிடம் வாங்கின கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒப்பந்தம் உங்களோடு, அவர் அதில் தரப்பு இல்லை. ஊர்ப் பேர் போட்ட பதிவை மட்டும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பதிவை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும்.

ஒட்டுப்பால் (திருவட்டார்)

ஒப்பந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், கடைசியில், பொடி எழுத்தில் நீங்கள் சொன்ன அதே வரி. ஆங்கிலத்தில். அன்றைக்கு வந்த பிள்ளை “இது ஃபார்மாலிட்டிதான் ஆன்ட்டி” என்று சொல்லித்தான் பேனா கொடுத்தது. திருவட்டார் ஓட்டு வீட்டில் வந்து தமிழில் பேசி, தமிழில் டீ குடித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆங்கிலமா?

அருமனை_ஷீட்

நானும் ரப்பர்காரன்தான். உங்க பிரச்சினை எங்க வீட்டிலும் இருந்தது, சொல்கிறேன் கேளுங்கள்.

கட்டுவதற்குப் பதில் கூண்டு அடித்துவிடுங்கள். கம்பிவலை ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்கள். பத்தடிக்கு ஆறடி, மேலே தகரமோ பழைய ஓடோ, தரையில் கொஞ்சம் சரிவு வைத்துச் சிமெண்டு. மழை நம்ம ஊரில் ரெண்டு பருவத்திலும் அடிக்கும், மண் தரையாக விட்டால் உண்ணியும் சேறும்தான். நாய்க்கு உள்ளே திரும்பி நடக்க இடம் இருக்கும். கயிறு காலில் சுற்றும் பயமும் இல்லை.

வெட்டுக்காரர் விஷயத்துக்கு, அவர் கையாலேயே தின்ன ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் பகல் வெளிச்சத்தில், லைட் இல்லாமல். அப்புறம் லைட்டை அணைத்துத் தலையில் கட்டிக்கொண்டு. கடைசியில் எரியவிட்டு. எங்க வெட்டுக்காரர் சட்டைப்பையில் அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) துண்டு வைத்திருப்பார், இப்போது நாய் அவரைக் கண்டால் வெட்டுச்சால் முழுக்கப் பின்னாலேயே போகிறது. நல்லா அவித்ததாக இருக்கணும், பச்சைக் கிழங்கில் விஷம் உண்டு.

ஆசிட்டைத் தாழ்ப்பாள் போட்ட இடத்தில் வையுங்கள். நாய் இல்லாவிட்டாலும் அதுதான் சரி, வீட்டுக்குப் பிள்ளைகள் லீவுக்கு வருதுங்கள்லா.

மஞ்சள்_ஸ்கூட்டர் (நாகர்கோவில்)

அக்கா, பேசிப் பார்த்தேன். மாத்திரைச் சீட்டு அவர்கள் டாக்டரிடம் போய்விட்டது, மருந்து தொடர்கிறது, பெல்லா சாப்பிடுகிறாள். பதிவில் இருந்து ஊர்ப் பேரை எடுத்துவிட்டார்கள், நானே பார்த்தேன். நாயைத் திரும்பக் கேட்டேன். கூண்டு அடித்தால் தரலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், அதற்குப் பதில் வரவில்லை.

ஒட்டுப்பால் (திருவட்டார்)

நீ இவ்வளவு செய்ததே பெரிசு மோளே. அந்த திருவனந்தபுரத்து வீட்டில் ஒன்று மட்டும் சொல்லச் சொல்லு. இடி இடித்தால் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், அப்போது இழுக்கக் கூடாது, கடித்துவிடுவாள். ஒப்பந்தத்தில் அது இருக்காது.

வீட்டுக்காரர் கூண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். அருமனைத் தம்பி, உங்க நாய் குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நாட்டு நாய் போதும், பெட்டை என்றாலும் சரி.

அருமனை_ஷீட்

பக்கத்து வீட்டுப் பெட்டை போட்டிருக்கு அக்கா, நாலு குட்டி. இப்போதுதான் கண் திறந்திருக்கு, அதனால் உடனே தரமாட்டேன். எட்டு வாரமாவது தாய்கிட்ட இருக்கட்டும். ஆறில் இருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற முதல் ஊசி போடணும், அதை நானே போட்டுத் தருகிறேன். அடுத்த டோஸ்கள் உங்க பொறுப்பு. வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசம் ஆனபின். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஃபாரம் இல்லை. ஆனா இடையில ஒரு நாள் நானும் அங்க வந்து கூண்டைப் பார்த்திட்டுத்தான் தருவேன், கோவிக்கப்படாது.

ஒட்டுப்பால் (திருவட்டார்)

வாங்க தம்பி. ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்றைக்கு நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.