"இஃப் ஐ ஹேட்" என்றால் நேற்றா, இன்றா? கண்டிஷனலில் குழப்பம்

கேள்வி:
வணக்கம். இஃப் போட்டு எழுதும் வாக்கியங்களால் மண்டை காய்கிறது. ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நான்கு சூத்திரமும் மனப்பாடம், ஆனால் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் எதைப் போடுவது என்று தெரிவதில்லை. "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் ஹெல்ப் யூ." இப்போது நேரமில்லை என்றுதானே சொல்கிறோம், அப்புறம் ஹேட் எதற்கு? இன்னொன்று, "இஃப் ஐ வில் கெட் தி ஜாப், ஐ வில் கால் யூ" என்று எழுதினால் முதல் வில்லுக்கு அடியில் சிவப்புக் கோடு வருகிறது. இனிமேல் நடக்கப்போவதுதானே?

பதில் 1:
இரண்டாவது சுலபம். இஃப் இருக்கும் பாதியில், எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும் நிகழ்கால வினைதான்: "இஃப் ஐ கெட் தி ஜாப், ஐ வில் கால் யூ." வென், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் வரும்போதும் இப்படித்தான். "இஃப் யூ வில் வெயிட் எ மொமென்ட்" என்று எங்காவது பார்த்துக் குழம்ப வேண்டாம், அந்த வில் காலத்தைச் சொல்லவில்லை, தயவுசெய்து என்கிற தொனி.

பதில் 2:
முதலில் அந்த நம்பர்களை ஓரமாக வையுங்கள், பாதிக் குழப்பம் அவற்றால்தான். அந்த ஹேட் காலத்தைக் காட்டவே இல்லை, "உண்மை இப்படி இல்லை, சும்மா கற்பனை" என்று காட்டுகிறது. போட்டியில் கலந்துகொண்டவர் "இஃப் ஐ வின்" என்றால் ஜெயிக்க வாய்ப்பிருப்பதாக நினைக்கிறார். அதே போட்டிக்கு "இஃப் ஐ வன்" என்றால் அவருக்கே நம்பிக்கை இல்லை. "இஃப் ஐ வேர் யூ" வருவதும் இதனால்தான், நான் நீங்களாக முடியாதே.

தமிழில் "நேரம் இருந்தால்" என்று ஒன்றை வைத்தே இரண்டையும் ஓட்டிவிடுகிறோம், அதனால்தான் நமக்கு இந்த இடம் வழுக்குகிறது. நடக்காமல் போன பழைய விஷயம் என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும், நாம் "இருந்திருந்தால்" என்கிற மாதிரி: "இஃப் ஐ ஹேட் ஹேட் டைம் எஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் ஹெல்ப்ட் யூ." இரண்டு ஹேட் அச்சுப்பிழை இல்லை, முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் ஹேவ் என்ற வினை.

கேட்டவர்:
ஓ, சரி சரி. அப்படியென்றால் "அந்தப் படிப்பை முடித்திருந்தால் இப்போது வேலையில் இருப்பேன்" என்பது எந்த நம்பர்? பாதி பழசு, பாதி இன்றைக்கு.

பதில் 2:
மறுபடியும் நம்பரா! ஒவ்வொரு பாதிக்கும் அதனதன் காலத்தைப் பார்த்துப் போடுங்கள். "இஃப் ஐ ஹேட் ஃபினிஷ்ட் தட் கோர்ஸ், ஐ வுட் பி வொர்க்கிங் நவ்." இப்படிக் கலப்பது சரியான இலக்கணம்தான், மிக்ஸ்ட் கண்டிஷனல் என்பார்கள்.

பதில் 3:
காதால் கேட்கும்போது "ஐட்" என்பது ஐ ஹேட்டா, ஐ வுட்டா என்று தெரியாது. அடுத்த சொல்லைப் பாருங்கள்: கோ என்று வந்தால் வுட், கான் என்று வந்தால் ஹேட். "ஐட் பெட்டர் கோ" ஒரு விதிவிலக்கு, அது ஹேட்.

கேட்டவர்:
"இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்." இது சரியா?

பதில் 1:
பேச்சில், முக்கியமாக அமெரிக்கர்கள் பேசும்போது, காதில் விழும். எழுத்திலும் தேர்விலும் "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ" என்றே எழுதுங்கள்.