கறுத்துப்போன ஃப்ளூட்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் வெள்ளிப் பூச்சுள்ள மேற்கத்திய ஃப்ளூட் ஒன்று இருக்கிறது. வாசிக்காமல் பெட்டியிலேயே கிடந்து நிறம் மங்கிவிட்டது. உதடு படும் இடத்தைச் சுற்றி லேசான மஞ்சள், இணைப்புகளின் ஓரத்தில் பழுப்பு, விசைகளின் இடுக்கில் நல்ல கறுப்பு.

இது துரு இல்லை. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடாக மாறியிருக்கிறது. அலுமினியத் தாள், பேக்கிங் சோடா, வெந்நீர் மூன்றும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு மறுபடி வெள்ளியாகிவிடும். ஆனால் விசைகளுக்கு அடியில் துளைகளை மூடும் மெத்தை போன்ற பேடுகள் இருப்பதால் தண்ணீரில் முக்க முடியாது. பாலிஷ் போட்டுத் தேய்க்கவும் மனம் வரவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு மெலியும், போனால் போனதுதான். விசைகளைக் கழற்றாமல் இடுக்குகளைச் சுத்தம் செய்தவர்கள் இருக்கிறீர்களா? வெள்ளி துடைக்கும் துணி மட்டும் போதுமா?

அப்புறம் இன்னொன்று. எனக்கு இதுதான் பெரிய கவலை. வாசிக்கும் ஆசையும் கூடவே மங்கிவிட்டது. முன்பெல்லாம் ஒரு நீண்ட சுரம் அசையாமல் நின்றாலே அன்று முழுக்க சந்தோஷமாக இருக்கும். இப்போது அதே சுரம் வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது. விட்ட இசையை மறுபடி தொட்டவர்கள் எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்? பழகிய பாடல்களா, புதிதாக ஏதாவதா? எவ்வளவு நீளமாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.