கர்ப்பத்தோட 12-ஆவது வாரம், ஒரு நாளைக்கு 3 சிகரெட்: குறைச்சுக்கிட்டே போகவா, ஒரேயடியா நிறுத்தவா?

கேள்வி:
ஒரு நாளைக்கு 12 சிகரெட்டா இருந்ததை 3-க்குக் கொண்டுவந்தாச்சு. அதுக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. திடீர்னு நிறுத்தினா வயித்துப் பிள்ளைக்கு அதிர்ச்சியாகும்னு சொல்றாங்களே, நிஜமா? நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் இப்போ எடுக்கலாமா? பிரசவத்துக்கு அப்புறம் தப்பித்தவறிப் பிடிச்சுட்டா தாய்ப்பாலை நிறுத்தணுமா?

மறுமொழி 1:
அந்த அதிர்ச்சிக் கதையை நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீங்க, தோழி. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். அது தாயைவிடப் பிள்ளையோட ரத்தத்துல அதிகமா சேரும். கடைசி சிகரெட்டுக்கு அப்புறம் ஓரிரு நாள்ல வெளியேறிடும். அதாவது நிறுத்தின மறுநாளே பிள்ளைக்குக் கூடுதலா ஆக்சிஜன் போகுது.

3-ல நிக்கிறது ஏமாத்து வேலை. எண்ணிக்கை குறைஞ்சா இழுப்பு ஆழமாகும், பஞ்சு சுடுற வரைக்கும் விட மனசு வராது. எண்ணிக்கை கால்வாசியாச்சுன்னு புகையும் கால்வாசியாகாது. இன்னொண்ணு, கர்ப்பத்துல கல்லீரல் நிக்கோட்டினை வழக்கத்தைவிட வேகமா கரைச்சுடும். அதனால தவிப்பு சீக்கிரமே திரும்பி வரும். உங்களுக்கு மனவுறுதி போதலைன்னு நினைக்காதீங்க, உடம்போட கணக்கே மாறியிருக்கு.

15-ஆவது வாரத்துக்குள்ள முழுசா விட்டவங்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைஞ்ச பிள்ளையும் புகைக்காதவங்க அளவுக்குத்தான் வருது. உங்க கையில இன்னும் நாள் இருக்கு. இந்த வாரத்துலயே தேதி குறிங்க. அதுக்கு முந்தின ராத்திரி பாக்கெட், லைட்டர், ஆஷ்ட்ரே ஒண்ணுகூட வீட்டுல இருக்கக்கூடாது.

மறுமொழி 2:
பேட்ச், கம் பத்தி: ஆலோசனை மட்டும் போதாதப்போ டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம். நிக்கோட்டின் பிள்ளைக்கு நல்லதில்லைதான். ஆனா அதுல கார்பன் மோனாக்சைடும், புகையில வர்ற பிசுக்கான தாரும் கிடையாது, அதனால புகைக்கிறதைவிட எவ்வளவோ மேல். பேட்ச்சைக் காலையில காய்ஞ்ச, முடியில்லாத தோல்ல ஒட்டி உள்ளங்கையால அழுத்துங்க, தூங்கப் போறப்போ உரிச்சிடுங்க. தினமும் இடத்தை மாத்தலைன்னா தோல் சிவந்து அரிக்கும்.

கம் விஷயத்துலதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. சாதாரண கம் மாதிரி மெல்லக் கூடாது. நாலைஞ்சு கடி, நாக்குல சுர்ருன்னு காரம் ஏறினதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. காரம் அடங்கினா மறுபடி கடிங்க. இப்படியே அரை மணி நேரம். விடாம மென்னா எச்சிலோட நிக்கோட்டின் வயித்துக்குப் போய்க் குமட்டும், விக்கல் வரும். மசக்கையில தாங்கவே முடியாது. காபி, பழச்சாறு குடிச்சா 15 நிமிஷம் கழிச்சுப் போடுங்க. வாய் புளிப்பா இருந்தா மருந்து உள்ளே இறங்காது. ‘கம் வேலை செய்யலை’ன்னு சொல்றவங்கள்ல பல பேருக்கு இதுதான் காரணமா இருக்கும். புகையை நிறுத்த உதவுற வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளைக் கர்ப்பத்துல நீங்களா வாங்கிப் போடவே வேண்டாம்.

மறுமொழி 3:
தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. புகைக்கிற தாயோட பாலும் பிள்ளைக்கு வேணும். பால்ல நிக்கோட்டின் ரத்தத்துல இருக்கிறதைப்போல சுமார் 3 மடங்கு சேரும், ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும். அதனால பிடிச்சே தீரணும்னா பால் கொடுத்து முடிச்ச கையோட, வீட்டுக்கு வெளியே. பால் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒருபோதும் வேண்டாம்.

இதைவிட முக்கியமா ஒண்ணு: தாயோ தகப்பனோ, புகைக்கிறவங்க படுக்கிற கட்டில்ல பிள்ளையைப் படுக்க வைக்காதீங்க. தூக்கத்துலயே குழந்தை இறந்துபோற ஆபத்து பல மடங்கு ஏறுது. அதே அறையில தனித்தொட்டில், மல்லாக்கத்தான். புகைச்சுட்டு வந்தா சட்டையை மாத்தி, கை கழுவின பிறகுதான் பிள்ளையைத் தூக்கணும்.

பிரசவத்துக்கு அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறவங்க நிறைய. தூக்கமில்லாத ராத்திரியும், அழுகையை அடக்க முடியாத சாயங்காலமும்தான் வழுக்குற இடம். தவிப்பு சில நிமிஷம்தான் உச்சத்துல நிக்கும். அந்த நேரத்துல பிள்ளையை யார் வாங்கிக்கணும்னு இப்பவே வீட்டுல பேசி வைங்க. கணவர் புகைக்கிறவரா இருந்தா அவரும் உங்களோட அதே தேதியில நிறுத்தணும்.