பிர்ச் மரம் எந்தக் குடும்பம்? அவசரம், நாளைக் காலை செமினார்

பாலாற்றங்கரை (கேட்டவர்)
வணக்கம். பிர்ச் எந்தக் குடும்பம்? நூலகத்தில் எடுத்த பழைய புத்தகத்தில் குபுலிஃபெரே என்று இருக்கிறது, இன்னொன்றில் பெதுலேசியே, சீனியர் அக்கா கொடுத்த நோட்ஸில் கோரிலேசியே. எதைப் போடுவது? மேடம் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள். ஒரே வரியில் சொன்னால் போதும்.

குடியாத்தம் கொடி
யு.ஜி.யா, பி.ஜி.யா? பாடத்தில் எந்த வகைப்பாடு? எந்தப் பிர்ச்? இதெல்லாம் சொல்லாமல் ஒரே வரி கேட்டால் எப்படி தம்பி?

ஹெர்பேரியம் அக்கா
பெதுலேசியே என்று போடு. பாடத்தில் பெந்தம்-ஹூக்கர் வகைப்பாடு என்றால் குபுலிஃபெரேவும் தப்பில்லை, 1862 முதல் 1883 வரை வெளிவந்த அவர்கள் நூலில் ஓக், ஹேசல், பிர்ச் எல்லாம் அந்த ஒரே குடும்பத்தில்தான் அடைந்து கிடந்தன. பிறகு வந்தவர்கள் ஓக்கை ஃபேகேசியே என்று பிரித்துவிட்டார்கள். கோரிலேசியே என்பது ஹட்சின்சன் போன்றவர்கள் ஹேசல் கூட்டத்துக்குக் கொடுத்த தனிக் குடும்பம், பிர்ச்சை அவர் அதில் வைக்கவில்லை, அந்த நோட்ஸை நம்பாதே. இப்போது ஹேசலும் பெதுலேசியேவுக்குள்ளேயே வந்துவிட்டது: பெதுலாய்டியே துணைக்குடும்பத்தில் பிர்ச்சும் அதன் நெருங்கிய உறவு மரமான ஆல்டரும், கோரிலாய்டியேவில் ஹேசல் வகையறா. மொத்தம் ஆறு பேரினம். குடும்பத்துக்கு மேலே வரும் துறை (ஆர்டர்) ஃபேகேல்ஸ்.

ஏலகிரிப் பயணி
இதற்கு ஏன் புத்தகம்? ஏலகிரி ஏறும் வழியில் வெள்ளைப் பட்டை உரிந்து தொங்கும் மரம் இருக்கிறதே, அதுதான் பிர்ச். போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

குடியாத்தம் கொடி
ஐயா, அது தைல மரம். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நம் வேலூர் வெயிலில் பிர்ச் நிற்குமா?

வகைப்பாட்டு வாத்தியார்
நாங்கள் படித்த காலத்தில் பூவைப் பிளந்து, கை லென்ஸில் பார்த்து, படம் வரைந்த பிறகுதான் குடும்பத்தின் பெயரை வாயில் எடுப்போம். இன்றைய பிள்ளைகளுக்கு ஒரே வரி வேண்டும். கேட்கின் மஞ்சரி என்றால் என்ன, ஒரு பூவடிச்செதிலுக்கு எத்தனை பூ, மகரந்தத்தாள் எத்தனை என்று தெரியாமல் குடும்பத்தை மனப்பாடம் செய்து என்ன பயன்? முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வரவும்.

ஹெர்பேரியம் அக்கா
அந்தப் பையனுக்குக் காலையில் செமினார் சார். திட்டுவதை நாளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாமே.

சத்துவாச்சாரி சவுக்கு
ஃபேகேல்ஸ் என்று சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் சாரம் கட்டும் சவுக்கும் இன்றைக்கு அதே துறைதான். தம்பி, இதைச் சொல்லு, மேடம் அசந்துபோவார்கள்.

ஏலகிரிப் பயணி
சவுக்கு பைன் வகை. ஊசி இலை, கூம்பு எல்லாம் இருக்கிறது. கதை விடாதீர்கள்.

சத்துவாச்சாரி சவுக்கு
ஊசி மாதிரி இருப்பது இலையே இல்லை, பச்சைச் சிறுகிளை. கணுவில் பிய்த்துப் பார்த்தால் சுற்றிலும் பல் பல்லாகச் சின்னதாக நிற்கும், அதுதான் இலை. பூக்கும் தாவரம் அது. இந்த உறவு நேற்று டி.என்.ஏ. பார்த்து வந்தது மட்டுமில்லை. 1891 இல் ஜாவாவில் இருந்த தாவரவியலாளர் ட்ரோய்ப், சவுக்கில் மகரந்தக் குழாய் சூல்துளை வழியாகப் போகாமல் சூலின் அடிப்பக்கமான சலாசா பக்கமாக நுழைவதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் சவுக்கைத் தனி உலகமாக நினைத்தார்கள். சில வருடத்திலேயே நவாஷின் என்ற தாவரவியலாளர் பிர்ச்சிலும் அதையே பார்த்தார். வேர் முடிச்சில் ஃபிராங்கியா பாக்டீரியாவை வைத்துத் தழைச்சத்துச் சேர்ப்பதிலும் சவுக்கும் ஆல்டரும் ஒன்றுதான்.

வகைப்பாட்டு வாத்தியார்
எங்கள் பாடத்தில் சவுக்கின் குடும்பமான கேசுவரினேசியே தனித் துறை. மூலக்கூறு ஆய்வு வந்தபிறகு ஆளுக்கொரு உறவு மரம் வரைகிறார்கள்.

சத்துவாச்சாரி சவுக்கு
உங்கள் பெந்தம்-ஹூக்கரே சவுக்கையும் குபுலிஃபெரேவையும் யூனிசெக்சுவேல்ஸ் என்ற ஒரே வரிசையில் அடுத்தடுத்து வைத்தவர்கள்தானே சார்?

குடியாத்தம் கொடி
சரி சரி, கேட்டவர் எங்கே? தம்பி, செமினார் வெறும் தியரியா, கையில் ஸ்பெசிமன் இருக்கிறதா?

பாலாற்றங்கரை (கேட்டவர்)
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எங்கள் தாவரவியல் டிபார்ட்மெண்டில் இருக்கும், செடியை உலர்த்தி ஒட்டிய ஒரு பழைய ஷீட்டை வைத்துத்தான் பேச வேண்டும். டார்ஜிலிங் டூர் போனவர்கள் கொண்டுவந்தது. லேபிளில் ‘பிர்ச், பெதுலா ஆல்பா’ என்று இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

ஹெர்பேரியம் அக்கா
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! பெதுலா ஆல்பா என்ற பெயரையே இப்போது தள்ளிவைத்துவிட்டார்கள். லின்னேயஸ் 1753 இல் இரண்டு ஐரோப்பிய மரங்களை அந்த ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார். இப்போது அவை பெதுலா பெண்டுலா, பெதுலா பியூபெசென்ஸ் என்று தனித்தனி: பெண்டுலாவுக்கு 28 குரோமோசோம், பியூபெசென்ஸுக்கு 56. இரண்டும் டார்ஜிலிங் காட்டு மரங்கள் இல்லை. அதைவிட, படத்தில் கிளை நுனியில் கருப்பாகச் சின்னச் சின்னக் கூம்பு தொங்குகிறதே, அவை கட்டைபோலக் கெட்டியா, தொட்டால் உதிர்கிறதா?

பாலாற்றங்கரை (கேட்டவர்)
கெட்டிதான் அக்கா. நகத்தால் சுரண்டியும் உதிரவில்லை.

ஹெர்பேரியம் அக்கா
அப்படியென்றால் பிர்ச்சே இல்லை. பிர்ச்சின் பெண் கேட்கின், அதாவது பெண் பூங்கொத்து, முற்றியதும் மூன்று மடல் செதிலும் இறக்கை வைத்த காயுமாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஐந்து மடல் செதில் கட்டையாகி, விதை போன பின்னும் கிளையிலேயே நின்றால் ஆல்டர். டார்ஜிலிங் என்றால் பெரும்பாலும் ஆல்னஸ் நெபாலென்சிஸ் என்ற ஆல்டர்தான், அந்தப் பக்கம் சகஜமான மரம். இலையின் அடிப்பக்கம் வெளிறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். லேபிள் எழுதியவரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது, லின்னேயஸே ஆல்டரைப் பெதுலாவுக்குள்தான் வைத்திருந்தார். குடும்பம் எப்படியும் பெதுலேசியேதான், நீ தப்பித்தாய்.

வகைப்பாட்டு வாத்தியார்
நான் முதலிலேயே சொன்னேன், பூவடிச்செதிலைப் பார் என்று.

சத்துவாச்சாரி சவுக்கு
எத்தனை என்று தெரியுமா என்று கேட்டீர்கள், பார் என்று சொல்லவில்லை.

லாங் பஜார்க்காரர்
நடுவில் ஒரு சந்தேகம். நாட்டு மருந்துக் கடையில் எந்திரம் எழுத பூர்ஜ பத்திரம் என்று பட்டை விற்கிறார்களே, அது இந்த மரமா?

குடியாத்தம் கொடி
ஆல்டர் இல்லை, பிர்ச். பெதுலா யூட்டிலிஸ், இமயத்தில் மர எல்லையை ஒட்டி வளர்வது. காஷ்மீர்ப் பக்கத்துப் பழைய சுவடிகள் அந்தப் பட்டையில் எழுதியவைதான். கடையில் கொடுப்பது அதுதானா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பாலாற்றங்கரை (கேட்டவர்)
முடிந்தது. மேடம் கூம்பைக் கையில் வாங்கிப் பார்த்து ஆல்னஸ் என்று ஒத்துக்கொண்டார்கள், லேபிளை என்னையே மாற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள். சவுக்கைப் பற்றிச் சொன்னதும் வகுப்பில் யாரும் நம்பவில்லை. நன்றி.

ஏலகிரிப் பயணி
நானும் நம்பவில்லை.